கலகம் கறுவாக் காட்டில், கோடு நம்மட களப்பில்

புளியந்தீவான் | வெள்ளி, இரவு 8.40

நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளைக் காந்திப் பூங்காவில் விளையாட விட்டுவிட்டு, அப்படியே கோட்டைப் பக்கம் கூட்டிப்போனேன். வாசலில் ஒல்லாந்துக் கம்பனியின் முத்திரை இருக்கிறதல்லவா, வி.ஓ.சி. என்று ஒன்றுக்குள் ஒன்று செருகின எழுத்து? மூத்தவன் அதைப் பார்த்துவிட்டு, "தூத்துக்குடியில் கப்பல் விட்டவரா அப்பா?" என்றான். இவங்களும் கப்பல் விட்டவங்கதான் மகன், ஆனால் நம்மட சரக்கை ஏற்றிக்கொண்டு போக விட்டவங்க என்றேன். அடுத்து அவன் கேட்டதில்தான் மாட்டிக்கொண்டேன். "இந்தச் சின்னக் கோட்டைக்குள் இருந்துகொண்டா மட்டக்களப்பு முழுவதையும் ஆண்டாங்க?"

1766 வரைக்கும் ஆளவில்லை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டின கோட்டை. 1638 மே மாதத்தில் ஒல்லாந்துத் தளபதி வெஸ்டர்வோல்டின் கப்பல்களும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் சேர்ந்து அதைப் பிடித்தன. இடையில் ஒல்லாந்தர் அதை மன்னனிடம் விட்டார்கள், 1668இல் திரும்ப வந்து குந்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு வருஷம் கம்பனி கோட்டைக்குள்ளே, வெளியே வயலும் கரையும் கண்டி மன்னன் தன்னுடையது என்று சொன்ன நிலம். கம்பனியும் கண்டிக்கு எழுதும்போது, உங்கள் கரையை நாங்கள் காவல் காக்கிறோம் என்று பவ்வியமாகத்தான் எழுதியது.

1766 பெப்ரவரி 14 ஒப்பந்தத்தோடு அந்தப் பவ்வியம் முடிந்தது. தீவைச் சுற்றிய கரை முழுவதும், உள்ளே ஒரு சிங்களக் கவ்வ தூரம், ஏறக்குறைய நாலு மைல், கம்பனிக்கு என்று எழுதப்பட்டது. நம்மட கரையும் அதற்குள்ளே.

விசயம் என்னவென்றால், இந்தக் கோட்டுக்குக் காரணமான கலகம் மட்டக்களப்பில் நடக்கவேயில்லை. 1760இல் கொழும்பைச் சுற்றிய கறுவாக் காட்டுப் பக்கம் வெடித்தது. 1761இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் கலகக்காரர் பக்கம் இறங்கினான், மாத்தறைக் கோட்டை விழுந்தது. அடுத்த வருஷம் மதராஸ் ஆங்கிலேயரின் தூதன் ஜோன் பைபஸ் திருகோணமலையில் இறங்கிக் கண்டிக்குப் போனான்.

என் கணக்கு இதுதான்: கலகம் கம்பனிக்குப் பழகின காய்ச்சல், ஒரு தூதன் வந்து இறங்கினதுதான் புதுசு. அதனால்தான் கலகம் மேற்கே நடந்தும் பூட்டுப் போட்டது கிழக்கில். சரியா பிழையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று_94 | வெள்ளி, இரவு 8.52

மூத்தவனுக்கு வரலாற்றில் 'ஏ' நிச்சயம். தகப்பனுக்குத்தான் சந்தேகம்.

கோட்டைமுனை ரீச்சர் | வெள்ளி, இரவு 10.05

தம்பி, கலகத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விட்டீர்கள். பழகின காய்ச்சல் என்று சொல்வது கம்பனியின் வாய். காய்ச்சல் கண்டவனிடமும் கேட்க வேண்டாமா?

அப்போது கறுவா தோட்டப் பயிர் இல்லை. காட்டில் தானாக வளர்வது, சாலியர் போய் உரித்துக்கொண்டு வருவார்கள். சேனைப் பயிருக்குக் காடு வெட்டி எரித்தால் கறுவா போகும், தென்னை நட்டால் கறுவாவுக்கு இடம் குறையும். இந்த ஒரு பட்டைக்காகக் கம்பனி எவ்வளவு தூரம் போனதென்றால், கறுவாச் செடியை அழிப்பவனுக்கும் களவாய் விற்பவனுக்கும் மரண தண்டனை வரை சட்டம் வைத்திருந்தது. சனம் பெருகிக்கொண்டு வருகிறது, தேங்காய்க்கும் பாக்குக்கும் விலை இருக்கிறது, ஆகவே ஊரவன் காட்டோரத்தில் பத்துத் தென்னை வைக்கிறான். காய்க்கும் வரை கம்பனி கண்டுகொள்ளவில்லை. ஸ்க்ரோய்டர் 1757இல் ஆளுநராக வந்து, அனுமதியில்லாமல் நட்ட தோட்டமெல்லாம் கம்பனி நிலம் என்று பிடிக்கத் தொடங்கினார்.

நான் படிப்பித்த காலத்தில் இதை இப்படித்தான் விளங்கப்படுத்துவேன்: உங்கள் அம்மம்மா வைத்த தென்னை, உங்கள் அம்மா தேங்காய் பறித்த தென்னை, ஒருநாள் ஒருவன் கையில் தோம்பு ஏட்டோடு, அதாவது காணிப் பதிவேட்டோடு, வந்து நிற்கிறான். ஏட்டில் உங்கள் பெயர் இல்லை. வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆளுநர் மாறி லுப்பெர்ட் யான் வான் எக் வந்தபின் கம்பனியின் கண் தோட்டத்திலிருந்து கண்டிக்குத் திரும்பியது. மாத்தறையை மீட்ட கையோடு அங்கே ஆற்றின் மற்றக் கரையில் நட்சத்திர வடிவில் ஒரு குட்டிக் கோட்டை கட்டினார்கள், வாசலில் இன்றைக்கும் வான் எக் பெயர். 1764இல் பல வழியால் ஒரே நேரத்தில் மலைக்கு ஏறப் பார்த்துத் தோற்றார்கள். 1765 பெப்ரவரியில் கண்டி நகரைப் பிடித்தே விட்டார்கள். மன்னன் தப்பிவிட்டான், அரண்மனை கொள்ளை போனது. வான் எக் கொழும்புக்குத் திரும்பி ஏப்ரல் முதலாம் திகதி செத்துப்போனார். கண்டியில் விட்ட படை நோயிலும் பசியிலும் வாடி, அந்த வருஷத்துக்குள்ளேயே இறங்கி ஓடிவந்தது.

படுவான்கரைப் பொடியன் | வெள்ளி, இரவு 10.31

ரீச்சர், இதுதான் எனக்கு விளங்காத இடம். கண்டியைப் பிடித்தும் வைத்திருக்க முடியாமல் ஓடிவந்தவன், அடுத்த வருஷமே தீவின் கரை முழுவதையும் எனக்கு எழுதித்தா என்று கேட்கிறான். மற்றவன் கொடுக்கிறான். தோற்று இறங்கினவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

தாவளக்காரன் பேரன் | வெள்ளி, இரவு 11.14

தம்பி, உப்பு. வேறொன்றும் இல்லை, உப்பு.

நான் சம்மாந்துறை. எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பா தாவளம் வைத்திருந்தவர். இந்தக் காலத்துப் பொடியன்களுக்குச் சொல்கிறேன், தாவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். வண்டி போகாத பாதையில் மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் பொதி தொங்கும். கரையிலிருந்து மேலே போவது உப்பும் கருவாடும் புடவையும். வெல்லஸ்ஸ, பிந்தன்னைப் பக்கமிருந்து கீழே வருவது பாக்கு, தேன், மெழுகு. முன்னால் போகிற மாட்டுக்கு மட்டும் கழுத்தில் பெரிய வெண்கல மணி, மற்ற மாடுகள் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் நடக்கும். காட்டுக்குள் யானை நிற்குமென்றால் மணியை வாழைச்சருகால் சுற்றிவிடுவார்களாம், இது ராவில் கதை சொல்லும்போது மூத்தவாப்பா சேர்த்த மசாலாவாகவும் இருக்கலாம்.

கண்டிக்கு நெல் உண்டு, காய்கறி உண்டு, தங்கமும் கொஞ்சம் உண்டு. உப்பு ஒரு சிட்டிகை கிடையாது. உப்பு விளைவதெல்லாம் கரையோரத்தில், மேற்கே புத்தளம், இந்தப் பக்கம் தெற்குக் கரையில் லேவாய்கள், அதாவது உப்பளங்கள். கரையை மறித்தால் மலைக்குக் கருவாடும் இல்லை, ஊறுகாயும் இல்லை. கண்டியின் மலையும் காடும் எதிரியைத் தடுக்கும், உப்புத் தராது.

அதனால்தான் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு. கரை கம்பனிக்கு, ஆனால் மன்னனின் சனம் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள உப்பளங்களில் வழமைபோல உப்பு அள்ளலாம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று வரை தன்னுடையதாய் இருந்ததை இனி இன்னொருவன் அனுமதித்தால்தான் அள்ளலாம். கரையின் வருமானத்துக்கு ஈடாகப் பணம் தருவதாகவும் எழுதினார்கள். காணியை எடுத்துக்கொண்டு குத்தகைக் காசு அனுப்புகிற மாதிரி.

மூன்றாம் வருஷம் | சனி, காலை 7.20

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், இந்தக் காலகட்டத்தில்தான் கட்டுரை செய்கிறேன். புளியந்தீவான் அண்ணா சொன்ன "ஒரு தூதன்" பற்றிக் கொஞ்சம்.

ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் நடக்கிறது. ஒல்லாந்து அதில் நடுநிலை. ஆனால் ஆசியாவில் நடுநிலையெல்லாம் பேருக்குத்தான். 1759 நவம்பரில் ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து ஏழு கப்பல்களை வங்காளத்துக்கு அனுப்பி, சின்சுராவுக்குக் கிட்ட ஆங்கிலேயரிடம் அடிவாங்கினார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து ஆங்கிலேயருக்குப் போனது. அதாவது கொழும்பைச் சுற்றிக் கலகம் மூண்டிருந்த மாதங்களில், வடக்கே வங்காள விரிகுடா முழுவதும் ஒரே கைக்குள் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில் மதராஸிலிருந்து ஒருவன் வந்தால் கம்பனிக்கு எப்படித் தூக்கம் வரும்?

பைபஸ் கண்டியில் பட்டபாட்டை அவனே எழுதிவைத்திருக்கிறான். மதராஸ் கடிதத்தை வெள்ளித் தட்டில் வைத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், சப்பாத்தைக் கழற்ற வேண்டும், திரும்பத் திரும்ப முழங்காலில் விழ வேண்டும். ஒல்லாந்துத் தூதர்கள் வருஷாவருஷம் இதைத்தான் செய்தார்கள், கறுவாவுக்காகச் சகித்துக்கொண்டார்கள். பைபஸுக்கு மனசெல்லாம் கசப்பு.

கண்டிக்குத் தேவை படை. பைபஸ் கேட்டது துறைமுகமும் வியாபாரமும். படை தருகிறேன் என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் இல்லை. வந்தான், எழுதினான், போனான். கம்பனி பயந்த அந்த ஆங்கில உதவி வரவேயில்லை.

ஆனால் வராத உதவிக்கும் விலை கொடுத்தது கண்டிதான். 1766 ஒப்பந்தத்தில் வேறு அரசுகளோடு உடன்படிக்கை செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது, முழங்காலில் விழும் சடங்கை நிறுத்தும் பிரிவும் இருக்கிறது. பைபஸ் வந்த வாசலையும் அடைத்து, தங்கள் முழங்காலையும் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆகவே அண்ணாவின் கணக்குச் சரி என்பதுதான் என் பக்கம்.

1782இல் மதராஸ் திரும்பவும் ஒருவனை அனுப்பியது, ஹியூ பொய்ட். அப்போதுதான் பட்டத்துக்கு வந்திருந்த இராசாதி இராசசிங்கன் பிடிகொடுக்கவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னே வந்தவன் கைவிட்டுப் போனதைக் கண்டி மறக்கவில்லை. பொய்ட் வெறுங்கையோடு திரும்பும்போது பிரெஞ்சுக்காரரிடம் அகப்பட்டான். அவன் வந்திறங்கின திருகோணமலையையும் அதே வருஷம் ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரன் பிடித்தார்.

சூரிச் மட்டக்களப்பான் | சனி, பகல் 1.45

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், நான் கொஞ்சம் இடக்குப் பண்ணுகிறேன்.

போட்டிக்காரன் பயத்தில்தான் ஒரு பேரரசு கடுமையாக நடக்கும் என்றால், 1797ஐ எங்கே வைப்பீர்கள்? ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையையும் மட்டக்களப்பையும் பிடித்து, 1796இல் கொழும்பையும் எடுத்து, கரையை மதராஸிலிருந்து ஆளத் தொடங்கினார்கள். ஊர்த் தலைமைக்காரரை ஒதுக்கி வரி தண்ட மதராஸ் அமுல்தார்களை இறக்கினார்கள். தென்னை மரத்துக்கு மரம் வரி. திரும்பவும் தென்னை, ரீச்சர் கவனிக்கவும்! 1797இல் கலகம். அப்போது பிரெஞ்சுக்காரனோடு போர், மைசூரில் திப்பு, கொழும்பில் பதவி போன ஒல்லாந்தர். இவ்வளவு பயத்துக்கு நடுவில் ஆங்கிலேயன் செய்தது என்ன? த மியூரோன் தலைமையில் விசாரணைக் குழு போட்டான். குழு வரியை எடு என்றது, எடுத்தான். 1798இல் நோர்த் ஆளுநராக வந்தார்.

அப்புறம் 1817, 18. கண்டி ஆங்கிலேயன் கைக்குப் போனபின் ஊவா வெல்லஸ்ஸவில் எழுந்த கலகம். நெப்போலியன் 1815இலேயே முடிந்தாயிற்று, மொரிசியஸ் 1810இல் கைக்கு வந்தாயிற்று. இந்துமாக்கடலில் ஆங்கிலேயனுக்கு எதிரி என்று சொல்ல ஒரு தோணி இல்லை. அப்போதுதான் வீட்டை எரித்தான், நெல்லை எரித்தான், மாட்டைக் கொன்றான். 1818 நவம்பர் 21 பிரகடனத்தில் நெல்லில் பத்தில் ஒன்று வரி, தன் பக்கம் நின்ற பகுதிகளுக்குப் பதினாலில் ஒன்று. அதையும் கணக்காகத்தான் செய்தான்.

போட்டிக்காரன் இருந்தபோது வரியை எடுத்தவன், இல்லாதபோது ஊரை எரித்தான். உங்கள் சூத்திரம் தலைகீழாகிறதே?

சும்மா ஒரு பக்கக் கதை: த மியூரோன் குடும்பம் நியூசாத்தல். அவர்களுடைய படைப்பிரிவு ஒல்லாந்தரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்து 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறினது. ஒல்லாந்தர் காலத்தில் மட்டக்களப்பை நடத்தி, வயலைப் பெருக்கி, 1794இல் அடுத்தவருக்குக் குறிப்பு எழுதிவைத்த பேர்னாண்டும் சுவிஸ்காரர்தான். அப்போது சுவிஸ்காரன் மட்டக்களப்பில் நெல்லுக் கணக்கு எழுதினான், இப்போது நான் சூரிச்சில் உணவகக் கணக்கு எழுதுகிறேன். சரிக்குச் சரி.

புளியந்தீவான் | சனி, பின்னேரம் 3.10

பேர்னாண்ட் கணக்கு நல்லா இருக்கிறது மச்சான். ஆனால் சூத்திரம் தலைகீழாகவில்லை. போட்டிக்காரன் இருந்தால் கடுமை என்று நான் சொல்லவில்லை, போட்டிக்காரன் எந்த வாசலால் வருவானோ அங்கே பேரரசின் கண் போகும் என்றேன். 1797இல் வாசல் ஊர்ச்சனத்தின் மனசு, அதைச் சமாதானப்படுத்தினான். 1762இல் வாசல் கரை, அதை எடுத்தான். 1818இல் வாசலே இல்லை, ஆகவே கை எங்கும் போகலாம்.

கோட்டைமுனை ரீச்சர் | சனி, பின்னேரம் 3.48

கெட்டித்தனமான பதில், ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதிலைப் பார்த்தால் எனக்குப் பயம். 1797இல் விட்டுக்கொடுத்ததற்குக் காசுக் கணக்கும் உண்டு. அந்த வரியில் வந்ததைவிடக் கலகத்தை அடக்கச் செலவு கூட. சூரிச் தம்பி 1818இல் மறந்ததும் ஒன்று: அப்போதும் ஒரு "வெளியார்" இருந்தார். கதிர்காமத்துப் பக்கம் தோன்றின வில்பாவே தன்னைத் துரைசாமி, தென்னிந்தியாவிலிருந்து வந்து கண்டியை ஆண்ட நாயக்க வம்சத்தவன் என்றுதான் சொல்லிக்கொண்டார். உண்மையில் நாயக்கர் இல்லை, ஆனாலும் அந்தப் பெயருக்குச் சனம் எழுந்தது.

(இந்த இடத்தில் இருந்த மூன்று மறுமொழிகள் நீக்கப்பட்டன. இன்றைய அரசியலுக்கு வேறு இழை உண்டு. 1818இல் யார் யாருக்குத் துரோகி என்று இன்றைய ஊர்ப் பெயர்களை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். - மட்டுறுத்துநர்)

தாவளக்காரன் பேரன் | சனி, இரவு 7.02

நீக்கினதை நான் பார்த்துவிட்டேன், 1818இல் எங்கள் ஆட்கள் துரோகிகள் என்பதுதானே, பரவாயில்லை. பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஹாஜி மரிக்காரை வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு முகாந்திரமாக, அதாவது தலைமைக்காரராக, ஆங்கிலேயர் போட்டார்கள், அதனால் அந்தப் பகுதியின் கண்டித் தலைவர் மில்லேவ திசாவைக்குத் தன் அதிகாரம் போன கோபம், அதிலிருந்து கலகத்துக்கு எண்ணெய். உண்மை. ஹாஜியைக் கலகக்காரர் கொன்றார்கள், அதுவும் உண்மை. பிறகு உதவி வதிவிட அதிகாரி வில்சன் அம்பு பட்டுச் செத்தார், ஆங்கிலேயர் அடக்க அனுப்பின கண்டித் தலைவர் கெப்பெட்டிபொல கலகக்காரர் பக்கமே சேர்ந்தார்.

ஆனால் ஹாஜியை ஏன் போட்டார்கள் என்று யோசியுங்கள். தாவளம் யார் கையில் இருக்கிறதோ அவன் கையில் உப்பு, அரிசி, படைக்கான சாமான் எல்லாம். முகாந்திரப் பதவி கொடுத்து ஆங்கிலேயன் வாங்கினது பொதிமாட்டை. பழைய உப்புக் கணக்கு, வேறு கையில். தாவளக்காரனுக்கு இரண்டு பக்கமும் அடி. மேலே போனால் கரைக்காரன், கீழே வந்தால் கண்டிக்காரன். செனரத் மன்னன் காலத்தில், போர்த்துக்கேயர் துரத்தின எங்கள் ஆட்களை 1626இல் கிழக்கே குடியேற்றினது கண்டி. அந்த நன்றியும் எங்களுக்கு உண்டு, கடலும் உண்டு. எந்தப் பக்கம் என்று கேட்டால் மாடு நடக்கிற பக்கம் என்றுதான் மூத்தவாப்பா சொல்வார்.

படுவான்கரைப் பொடியன் | சனி, இரவு 9.26

நான் ஒரு விசயம் செய்து பார்த்தேன். கைபேசி வரைபடத்தில் கல்லடிக் கடற்கரையில் விரலை வைத்து நேர் மேற்கே நாலு மைல் இழுத்தேன். புளியந்தீவைத் தாண்டி, களப்பைத் தாண்டி, வலையிறவுப் பாலத்துக்கு அப்பால் வவுணதீவுப் பக்கம் போய் நின்றது. கிட்டத்தட்ட எங்கள் வீட்டு வேலியில்! சம்மாந்துறை கோட்டுக்கு உள்ளே, நானாவுக்குக் கம்பனி. அம்பாறை நகரம் நல்லா வெளியே, அது கண்டி.

எனக்கு விசித்திரமாய்ப் பட்டது என்னவென்றால், எழுவான்கரை, படுவான்கரை என்று நாங்கள் பிரித்துக் கதைக்கிறது களப்பை வைத்து, அதற்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. அந்தக் கோடு களப்பை மதிக்கவேயில்லை. கொழும்பில் மேசையில் இருந்து எழுதினவனுக்குக் கடல் தெரியும், களப்புத் தெரியாது.

மூன்றாம் வருஷம் | சனி, இரவு 9.50

ஆறும் மலையும் எப்படியிருக்கிறதோ அதற்கேற்ப அந்தத் தூரத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம் என்று ஒப்பந்தத்திலேயே வழி விட்டிருக்கிறார்கள். களப்பைப் பற்றிப் பேச்சில்லை. எழுதவைத்தவர் வான் எக்குக்குப் பின் வந்த இமான் வில்லெம் பால்க். முப்பது வயதுகூட ஆகாதவர், கொழும்பிலேயே பிறந்தவர். ஆகவே மேசையில் இருந்தவனுக்கு நாடு தெரியாது என்று சொல்ல முடியாது, கிழக்குத் தெரியாது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அக்கரைப்பற்று_94 | சனி, இரவு 10.03

கொழும்பில் பிறந்தவனுக்குக் கிழக்குத் தெரியாது. 1766லேயே இப்படித்தானா?

புளியந்தீவான் | ஞாயிறு, காலை 8.15

மூத்தவனுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கறுவா, தூதன், கோடு ஒன்றும் பிடிக்கவில்லை. அவனுக்குப் பிடித்தது மாட்டு மணி. நானா, அந்த மணி இன்னும் இருக்கிறதா?

தாவளக்காரன் பேரன் | ஞாயிறு, காலை 9.40

இருக்கிறது. நாக்குக் கழன்றுவிட்டது, உம்மா அரிசிப் பேணிக்கு மேலே பாரமாக வைத்திருக்கிறா. பச்சைப் பாசி பிடித்திருக்கும். உள்விளிம்பில் ஒரு இடம் தேய்ந்து மினுங்கும், நாக்கு அடித்து அடித்துத் தேய்ந்த இடம். அடுத்த சனிக்கிழமை பொடியனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பகல் சாப்பாடு இங்கே. காலையிலேயே உம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொன்னதும் புளி கேட்கிறா, மணியைக் கழுவி வைக்கவாம்.

கோட்டைமுனை ரீச்சர் | ஞாயிறு, காலை 9.55

ஐயோ, கழுவ விடாதேங்க! நானும் வருகிறேன்.